எங்கள் கால்களை மட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள்

தமிழ்நாட்டில் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கான சேவைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் தொண்டு நிறுவன நிர்வாகிகளுக்கும்,



உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஊசி போடுகிறவனைத் தூக்கி உள்ளே வை என்று ஊரும் வீடும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவன் கையில் புது ஊசியைக் கொடுத்துப் பழையதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னவர்கள் நீங்கள். போதைக்குத் துணைபோகிறவர்கள் என்று அதற்காக நீங்கள் வாங்கிய வசவும் எங்களுக்குத் தெரியும். வாசலிலேயே விரட்டுகிறவர்களிடம் மனு கொடுத்துப் பயனில்லை. உள்ளே வரச் சொன்னவர்களிடம்தான், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்க முடியும்.

நான் வடசென்னையில் ஊசி போட்டுப் பழகியவன். பிறகு ஒரு திட்டத்தில், என்னைப் போன்றவர்களைத் தேடிப்போய்ப் பேசும் பியர் எஜுகேட்டராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் ஓஎஸ்டி என்ற மாற்று மருந்துச் சிகிச்சையின் மாத்திரையை நாக்குக்கு அடியில் கரைத்துவிட்டுத்தான் களத்துக்குக் கிளம்புகிறேன். ஆகவே இந்த மடலில் 'நாங்கள்' என்று வரும் இடங்களில் விட்டவர்கள், விடாதவர்கள், விட முயன்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் அடக்கம்.

எங்கள் மனக்குறை இதுதான்: எங்கள் கால்களை வேலைக்கு எடுத்தீர்கள், தலையை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். எந்தப் பாலத்துக்கு அடியில், எந்தக் கழிப்பறைக்குப் பின்னால், எந்தத் தண்டவாள ஓரத்தில் ஊசி போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நாங்கள் வேண்டும். பயந்து ஓடுகிறவனை நிறுத்திப் பேச நாங்கள் வேண்டும். நம்பிக்கை மையத்துக்கு எச்ஐவி பரிசோதனைக்கு அழைத்துப்போகவும் நாங்கள்தான் வேண்டும். மாதக் கடைசியில் எத்தனை ஊசி போனது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை பேரைப் பார்த்தோம் என்று படிவம் நிரப்பி அனுப்புகிறோம். எங்களிடமிருந்து மேலே போவது அந்த எண்ணிக்கை மட்டும்தான். இந்த மாதம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். குறைந்ததற்குக் காரணம் திட்டத்திலேயே இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு ஒருமுறை பெட்டி பெட்டியாக ஊசி வந்து இறங்கியது. எல்லாம் ஒரே அளவு. எங்கள் ஆட்களில் சிலர் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வாங்கி மூலையில் போட்டுவிட்டு, மருந்துக்கடையில் காசு கொடுத்து வேறு வாங்கினார்கள். காசில்லாதவன் பக்கத்தில் இருந்தவன் போட்டு முடித்ததை வாங்கிப் போட்டான். இதற்கு அலுவலகம் கண்டுபிடித்த காரணம், பயனாளிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பது. விழிப்புணர்வுக் கூட்டமும் நடந்தது. டீயும் பிஸ்கட்டும் நன்றாகவே இருந்தன.

விஷயம் இவ்வளவுதான். பியூப்ரெனார்பின் ஊசி மருந்தோடு ஏவில் என்ற ஒவ்வாமை மருந்தையும் கலந்து போடுகிறவனுக்கு 1 மில்லி இன்சுலின் ஊசி போதாது. 2 மில்லியாவது வேண்டும். வருடக்கணக்கில் குத்திக் குத்திக் கை நரம்பெல்லாம் உள்ளே போய்விட்டவனுக்குத் தடித்த ஊசி ஏறாது, மெல்லியதுதான் ஏறும். இன்னொன்றும் உண்டு. கழற்றி மாட்டும் ஊசியில், மருந்தை முழுவதும் அழுத்திய பிறகும் ஊசிக்கும் குழலுக்கும் நடுவே கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். ஊசியும் குழலும் ஒன்றாகச் சேர்ந்த இன்சுலின் வகையில் அது மிகக் குறைவு. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடும்போது எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் தொற்றுவதில் அந்தத் துளி ரத்தத்துக்குப் பங்கு இருக்கிறது. எந்த அளவு ஊசி யாருக்கு வேண்டும் என்பது ஏதோ எங்கள் வசதிக்கான சலுகை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கொள்முதலுக்குக் கையெழுத்துப் போட்டவர் எங்களில் மூன்று பேரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் பெட்டிகள் அப்படியே கிடந்திருக்காது.

ஓஎஸ்டி பற்றிப் பேசும்போது நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பியூப்ரெனார்பின் மாத்திரை இல்லாவிட்டால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் தினமும் மையத்துக்கு வந்து, செவிலியரின் கண் முன்னால் மாத்திரையைக் கரைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று விதி எழுதியவர்கள், வரப்போகிறவன் என்ன தொழில் செய்கிறான் என்று கேட்டதாகத் தெரியவில்லை. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்குகடலுக்குப் போகிறவர் கரை திரும்பப் பல நாள் ஆகும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர் ராத்திரியெல்லாம் உழைத்துவிட்டு, நீங்கள் மையத்தைத் திறக்கும் நேரத்தில் தூங்குகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர் காலையில் ஆள் எடுக்கும் முனையில் நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. மருந்தா கூலியா என்று தினமும் ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். கூலியைத் தேர்ந்தெடுத்தவனைப் பதிவேட்டில் 'டிராப் அவுட்' என்று எழுதுகிறோம். அதை எழுதுவதும் பெரும்பாலும் எங்களில் ஒருவன்தான்.

2020 ஊரடங்கு வந்தது. சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அதுவரை நடக்கவே நடக்காது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது, தொற்றுக்குப் பயந்ததும் நடந்துவிட்டது. வீட்டுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்ற உங்கள் பயம் பொய்யில்லை. சிலர் விற்பார்கள். ஆனால் யார் விற்பார், எந்த நெருக்கடியில் விற்பார், யாரை நம்பி ஒரு வாரத்து மருந்தைக் கொடுக்கலாம், யாருக்கு ஒருநாள் மருந்துதான் சரி என்பது உங்களைவிட எங்களுக்குத் தெரியும். அந்த விதியை எங்களோடு சேர்ந்து எழுதியிருந்தால் அது சில இடங்களில் இன்னும் கடுமையாகக்கூட இருந்திருக்கும். எங்களை நாங்களே அவ்வளவு எளிதில் நம்புகிறவர்கள் இல்லை. ஆனாலும் காசிமேட்டுக்காரருக்கு ஒரு வழி விட்டிருப்போம்.

மாத்திரை விவகாரம் இதைவிட அவசரம். டேபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிற பையன்கள் நம் நகரங்களில் இருக்கிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அது விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை. மருந்தோடு அதில் சேர்த்திருக்கும் மாவு தண்ணீரில் முழுதாகக் கரையாது. நரம்பை அடைக்கும், குத்திய இடம் சீழ் பிடிக்கும். இந்தப் பையன்கள் உங்கள் டிராப்-இன் சென்டர் பக்கம் வருவதில்லை. வந்தாலும், கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற நரைத்த தலைகளைப் பார்த்ததும் இது நம் இடம் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். தங்களைப் போதை ஊசிக்காரர்கள் என்று அவர்கள் நினைப்பதே இல்லை.

அவர்களுக்கு ஒரு சேவை வகுக்க என்னைக் கூப்பிட்டால்கூடப் போதாது. என் காலத்துப் பொருள் வேறு, பயம் வேறு, பேச்சு வேறு. எப்போதோ விட்டுவிட்ட ஒருவரை மேடையேற்றிச் சால்வை போட்டு, அதையே பயனாளிகளின் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழக்கத்தை விட்டவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் சில நேரம் உங்களைவிடக் கறாரானவர். பதினெட்டு வயது நிரம்பிய, இன்றைக்கும் மாத்திரை போடுகிற, நாளைக்கே விட்டுவிடுவேன் என்று உங்கள் மனம் குளிரச் சத்தியம் செய்யாத ஒருவன் உங்கள் மேசையில் உட்கார வேண்டும்.

கனடாவின் வான்கூவர் நகரத்தில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்று ஒரு பகுதி. ஊசி போடுகிறவர்களிடையே எச்ஐவி பரவிய வேகத்தைப் பார்த்து, 1997-இல் அங்கே சுகாதார வாரியம் நெருக்கடி நிலையே அறிவித்தது. இத்தனைக்கும் வட அமெரிக்காவின் பெரிய ஊசிப் பரிமாற்றத் திட்டங்களில் ஒன்று அப்போதே அங்கே நடந்துகொண்டிருந்தது. ஊசியும் இருந்தது, பணமும் இருந்தது, நல்ல மனமும் இருந்தது, நோய் நிற்கவில்லை. அந்த நாட்களில்தான் போதை பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து வான்டு என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே பலர் ஊசியில் ஏற்றியது கொகெய்ன். அதை ஒரே ராத்திரியில் பல தடவை போடுவார்கள். பழையது ஒன்றுக்குப் புதியது ஒன்று என்ற கணக்கு அவர்களுக்கு எப்படி ஒத்துவரும்? ராத்திரியில் ஊசி கிடைப்பதும் அரிது. 2001-இல் சங்கத்துக்காரர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், மெயின் தெருவும் ஹேஸ்டிங்ஸ் தெருவும் சந்திக்கும் முனையில் கூடாரம் அடித்து ராத்திரி முழுவதும் ஊசி கொடுத்தார்கள். வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது, அதிக ஆபத்தில் இருந்தவர்கள் அந்தக் கூடாரத்தைத் தேடி வந்திருந்தது தெரிந்தது.

2003-இல் அதே பகுதியில் இன்சைட் என்ற கூடம் திறந்தார்கள். செவிலியர் பார்வையில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம். பின்னால் வந்த மத்திய அரசு அதை மூடப் பார்த்தபோது, 2011-இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவ்வளவு பேர் பெற்ற கூடத்திலும் ஒரு விதி இருந்தது: தனக்குத் தானேதான் போட்டுக்கொள்ள வேண்டும், இன்னொருவர் போட்டுவிடக் கூடாது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தானாகப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்களில் பெண்கள் அதிகம். கூட இருக்கும் ஆண்தான் போட்டுவிடுவான், அதுவும் பல நேரம் முதலில் தனக்குப் போட்டுக்கொண்ட பிறகு. நோய் தொற்றும் வாய்ப்பு யாருக்கு மிகுதியோ, அவர்களுக்கே அந்தக் கூடம் உதவவில்லை. வான்டு ஒரு குழுவை அமைத்துச் சந்துகளில் அனுப்பி, அப்படிப்பட்டவர்கள் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது.

நம் மையங்களில் பெண்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களுக்குத் தனி நேரம் வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும், பிள்ளையை விட்டுவைக்க ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவும் ஓர் ஆணின் ஊகம்தான். அவர்களைக் கேளுங்கள்.

பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். மணிப்பூரில் 1989-90 வாக்கில், ஊசி போடுகிறவர்களிடையே எச்ஐவி இல்லை என்ற நிலை மாறிப் பாதிப் பேருக்கு இருக்கிறது என்ற நிலை மாதக்கணக்கில் வந்துவிட்டது. 1991-இல் இம்பாலில் சாசோ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் போதையிலிருந்து மீண்டவர்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இன்றைக்கு உங்கள் கோப்புகளில் இருக்கும் ஊசிப் பரிமாற்றமே எங்களைப் போன்றவர்கள் கேட்டு வாங்கியது. 1984-இல் ஆம்ஸ்டர்டாமில், எங்கள் ஆட்கள் வழக்கமாக வாங்கிவந்த மருந்துக்கடை ஊசி விற்க மறுத்தது. ஹெபடைட்டிஸ் பிக்குப் பயந்த பயனாளர் சங்கம் நகரச் சுகாதாரத் துறையிடம் ஊசி வாங்கித் தானே விநியோகித்தது. இவர்களைக் கேட்டால் இலவசமாகப் போதைதான் கேட்பார்கள் என்று சொல்கிறவர்களுக்கு, அவர்கள் கேட்டது சுத்தமான ஊசி என்று சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள், வந்தாலும் தூங்கிவழிவார்கள் என்பது எங்களைப் பற்றிச் சொல்லப்படும் அடுத்த குறை. அதில் பாதி உண்மை. மருந்து கிடைக்காமல் உடம்பு முறுக்குகிறவனால் பவர்பாயிண்ட் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஓஎஸ்டி மாத்திரை போட்ட பிறகு, பசியாறிய பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் கூட்டம் வையுங்கள். தமிழில் பேசுங்கள். நானும் கூட்டங்களுக்கு வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு, உங்க கருத்து என்னப்பா என்று கடைசி இரண்டு நிமிடத்தில் என் பக்கம் திரும்புவார்கள். நல்லா இருக்கு சார் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எவனால் என்ன சொல்ல முடியும்?

சட்டம் இடம் கொடுக்காது என்றும் சொல்வீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் பயன்படுத்துவதே குற்றம்தான். ஆனால் 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவையும் எடுத்துப் படியுங்கள். வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி நடக்கும் ஊசிப் பரிமாற்றமும் மாற்று மருந்துச் சிகிச்சையும் குற்றம் ஆகாது என்கிறது அது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவும் போதையும் சார்ந்த மனநிலைகளை மனநோய் என்பதற்குள் சேர்க்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமையும் மறுஆய்வு வாரியத்தில் மாவட்ட நீதிபதியோடும் மனநல மருத்துவரோடும் சேர்ந்து உட்கார, நோயைச் சந்தித்தவர்களோ அவர்களைப் பராமரிப்பவர்களோ அவர்கள் தரப்பு அமைப்பினரோ இருவர் வேண்டும் என்றும் சொல்கிறது. அடித்துத் திருத்தும் போதை மறுவாழ்வு இல்லங்களில் கட்டிப்போடப்பட்டு வந்த எங்கள் பையன்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சோதனைக்குப் போகும்போது எந்த அறையைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சம்பந்தப்பட்டவர்களையே மேசையில் உட்காரவைப்பது தமிழ்நாட்டுக்குப் புது வழக்கமும் இல்லை. 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தபோது திருநங்கையரையே அதில் உறுப்பினராக்கிய மாநிலம் இது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டத்தைத் திருத்தியதும் இதே மாநிலம்தான். அவர்களெல்லாம் பரிதாபத்துக்கு உரியவர்கள், நாங்கள் தானாகக் கெட்டவர்கள் என்பது உங்களில் சிலரின் மனதில் ஓடும். ஓடட்டும். 2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்பின்படி இந்தியாவில் வயதுவந்த பொதுமக்களில் எச்ஐவி உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடு, ஊசி போடுகிறவர்களில் 9 விழுக்காடு. இத்தனை ஆண்டுகள் எங்களைக் கேட்காமல் வகுத்த திட்டங்கள் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது. நாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அளவு மீறிப் போட்டு ஒருவன் உதடு நீலமாகிக் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பது மருத்துவர் இல்லை, நாங்கள். 108-ஐக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வரும் என்று பயந்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டு மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டு ஓடியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஹெராயின் வகைப் போதையில் நின்றுபோன மூச்சைத் திருப்பிக் கொண்டுவர நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. 1996-லேயே சிகாகோவில் அதைப் பயனாளர்கள் கையிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கக்கூடியவர்களிடம் அது இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் சொன்னது. எங்களைக் கேட்டு நீங்கள் ஒரே ஒரு திட்டம் போடுவதாக இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள்.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த திட்டத்தின் வரைவை எழுதி முடித்த பிறகு எங்களிடம் காட்டாதீர்கள். எழுதத் தொடங்கும் முன்பே கூப்பிடுங்கள். தனியாக ஒருவனை அழைத்தால் அவன் தலையாட்டிவிட்டுத்தான் போவான். குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதில் ஒரு பெண்ணும் இன்றைய மாத்திரைப் பையன் ஒருவனும் இருக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் ஆதார் அட்டையும் அதற்குத் தகுதிச் சான்று ஆக வேண்டாம். கூட்டத்துக்கு வரும் மருத்துவருக்கு அமர்வுப் படி உண்டென்றால் எங்களுக்கும் உண்டு, அன்றைக்கே, கையில். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் நாங்கள். அந்த அறையில் நாங்கள் பேசியது எந்தக் காவல் நிலையத்துக்கும் போகாது என்று எழுதிக் கொடுங்கள். எந்த ஊசி வாங்குவது, மையத்தை எத்தனை மணிக்குத் திறப்பது, யாருக்கு வீட்டு மருந்து என்ற மூன்றிலும் எங்களுக்கு வாக்கு வேண்டும். நாங்கள் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணம் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, புது ஆணையும் தேவையில்லை. தேதி குறித்ததும் உங்கள் களப்பணியாளரிடம் சொல்லி அனுப்புங்கள். எங்களை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் வருகிறோம்.